மூடி மேல் வைத்த பண்டான் இலை

என்னை அடக்கமானவள் என்று யாராவது சொன்னால் எனக்கு நாக்கில் உப்புக் கரிக்கும். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கரிக்கும். அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டில், கோயிலில், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், எங்கே போனாலும் "அத்தை எவ்வளவு அடக்கம்!" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். "பாத்தீங்களா, இதுதான் அடக்கம்" என்று பக்கத்தில் இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். தலை குனிவதில் எனக்கு நல்ல பழக்கம்.

பிறவியில் நான் வாயாடி. புக்கிட் பாருவில் எங்கள் வீட்டுக் கோழிகள்கூட என் குரல் கேட்டுத்தான் எழுந்திருக்கும் என்று அப்பா கேலி செய்வார். அவர் ரோடு போடும் ஆட்களுக்கு மண்டோர், மேஸ்திரி வேலை. நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே நான் கத்திக்கொண்டிருப்பேன். இந்த வாயை வைத்துக்கொண்டு இவள் எந்த வீட்டில் போய் வாழப்போகிறாள் என்பது அம்மாவின் ஓயாத கவலை.

எனக்கு மாப்பிள்ளை அமைந்தது காஜா பெராங்கில், கம்போங் செட்டியில், அதாவது செட்டிகள் குடியிருக்கும் கிராமத்தில். அவர் நகராட்சியில் குமாஸ்தா. அப்பாவுக்கு அலுவலகத்தில் பழக்கம். செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள், விபூதி பூசுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்த தமிழர்களும் இங்குள்ள பெண்களும் சேர்ந்து உண்டான ஜனம். அந்த மலாயில் நடுநடுவே நம் சொல் ஒன்று தலை காட்டிவிட்டு ஓடும். தமிழ் பேசாத வீட்டில் மகளைக் கொடுப்பதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. "பாஷ தெரியாத எடத்துலயாச்சும் இவ வாய் மூடும்" என்றாள்.

மெர்டேக்கா ஆன, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்கள் மழையில் நைந்து தெருவெங்கும் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம். முதல் நாள் அம்மா என் தலையைப் பின்னிவிட்டபடி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அடக்கமா இரு. வேற ஒண்ணும் வேணாம். அது ஒண்ணு இருந்தா போதும், எல்லாம் சரியா போயிரும்."

அந்தச் சொல்லை நான் வெகு காலம் கழித்துத்தான் அகராதியில் எடுத்துப் பார்த்தேன். ஆராய்ச்சி செய்கிற படிப்பெல்லாம் எனக்கில்லை, அகராதி புரட்டத் தெரியும், அவ்வளவுதான். அடங்குதல் என்றால் உள்ளே கொள்ளுதல், இடம் பிடித்து நிற்றல். இரண்டு படி அரிசி இந்தப் பானையில் அடங்கும், நாலு சேலை அந்தப் பெட்டியில் அடங்காது என்கிறோமே, அந்த அடங்கல். பானைக்கும் பெட்டிக்கும் சொன்னதைத்தான் பிறகு மனுஷிக்கும் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே எவ்வளவு இருந்தாலும் வெளியே வழியாமல் வைத்திருப்பது அடக்கம். உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

புகுந்த வீட்டில் இதற்கு வேறொரு சொல் இருந்தது. தஹான். மலாய்ச் சொல். தெருவில் எல்லோரும் சொல்வதுதான், எனக்கும் தெரிந்ததுதான். வலியைத் தாங்கினால் தஹான், அழுகையை நிறுத்தினால் தஹான். ஆனால் என் மாமியார் வாயில் அது ஒரு நாளைக்கு முப்பது தடவை வந்தது. பசிக்கிறது என்றால் "தஹான், விளக்கு வைக்கட்டும்." கோபம் வந்தால் "தஹான், முதலில் தண்ணீர் குடி." மாக் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். சாரோங் கெபாயா உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, நடப்பதே தெரியாமல் நடப்பார். புருஷன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லையாம். அதை வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மாக், என் கணவர், நான், என் நாத்தனார். கணவர் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். பகலெல்லாம் எனக்குத் துணை நாத்தனார்தான்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, இருபது. இருந்தாலும் அண்ணன் மனைவி என்று அக்கா முறை வைத்து "காக்" என்பாள். நான் பேசும் கடைத்தெரு மலாயைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், பிறகு திருத்திச் சொல்லித் தருவாள். அதற்குப் பதிலாக நான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லில் ஈர விரலால் அவள் அ எழுதுவாள். வெயில் அதை உடனே அழித்துவிடும், மறுபடி எழுதுவாள். பிறந்த வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த வாயெல்லாம் அவளிடம்தான் திரும்பக் கிடைத்தது. (இனி அவர்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன். பேசியது மலாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் இங்கிலீஷ் பள்ளியில் முடித்தவள். மிஸ்ஸி ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. ஆஸ்பத்திரி நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். கோலாலம்பூரில் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். மார்கழியில் கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் போய்ச் சேரவேண்டும். தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று அன்றைக்கே வழியெல்லாம் கேட்டு வைத்துவிட்டாள். வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி, காகிதம் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தினமும் ஒரு தடவையாவது குனிந்து பார்ப்பாள்.

மாக் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "பார்ச்சு வருகிறது. உன் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

பார்ச்சு என்றால் செட்டிகள் முன்னோருக்குப் போடும் படையல். பொங்கலுக்கு முதல் நாள் ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறி, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடவேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு. எங்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு. கதவைத் திறந்ததும் மாக் தனியாக உள்ளே போய், புருஷனுடைய இலையில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுவார். ருசியாக இருந்தால் அவர் மனம் நிறைந்து சாப்பிட்டிருக்கிறார், கேட்டதற்குச் சம்மதம். ருசி கெட்டிருந்தால் இல்லை. இது ஊர் வழக்கமா, மாக்கின் சொந்த வழக்கமா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்க வாய் வந்ததில்லை.

ஆக, என் நாத்தனார் கோலாலம்பூர் போவதும் போகாததும் இறந்துபோன ஒருவரின் இலையில் இருந்தது. அந்த இலைக்குச் சமைக்கப்போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

படையலுக்குச் சமைப்பதில் கண்டிப்பு அதிகம். ருசி பார்க்கக் கூடாது. இறந்தவர்களுக்கு முன்னால் நாம் வாய் வைத்தால் எச்சில். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது என் பிறவிப் பழக்கம், அந்தக் கையைக் கட்டிப்போடவேண்டியதாயிற்று. "தஹான்" என்று மாக் காலையிலேயே என் கையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அடுப்படியில் பேசவும் கூடாது, எச்சில் தெறிக்கும். சரி, இரண்டு பேர் பேசாமல், ருசி பாராமல் சமைத்தால் உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். உப்புப் போட்டவள் ஒரு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு அந்தப் பானையின் மூடி மேல் வைத்துவிடுவாள். சோற்றுக்கு வாசனைக்குப் போடுவோமே, அந்த நீள இலைதான். மூடி மேல் இலை இருந்தால் உப்பு விழுந்தாயிற்று, தொடாதே.

அன்று மூன்று அடுப்பு எரிந்தது. ஒன்றில் தேங்காய்ப்பால் சோறு, ஒன்றில் கோழி, ஒன்றில் மாமனாருக்கு ரொம்பப் பிடித்த பிண்டாங், பாராங் மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு வைக்கிற குழம்பு. பிண்டாங் நாத்தனார் பொறுப்பு. அவள் அன்று குளித்து, ஈரத் தலையோடு அந்த அடுப்பை விட்டு நகராமல் நின்றாள். மசாலா கரைத்தாள், உப்பைக் கொட்டாங்கச்சிக் கரண்டியால் அளந்து போட்டாள், இலையை வைத்தாள். அவள் போட்டதை நான் பார்க்கவில்லை, கோழிப் பக்கம் திரும்பியிருந்தேன். பிறகு அவள் வாழை இலை கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

பிண்டாங் கொதித்துப் பொங்கும் சத்தம் கேட்டது. பொங்கி வழிந்துவிடக் கூடாதே என்று பதறி மூடியைத் தூக்கினேன். சூடு பட்டு மூடி கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, கொதி அடங்கியதும் மூடினேன். அந்தச் சமயம் முன்கட்டிலிருந்து மாக் எட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் உப்பு ஆயிற்றா என்று கையால் கேட்டார். நான் பார்த்தேன். சோற்றுப் பானை மேல் இலை இருந்தது. கோழி மேல் இருந்தது. பிண்டாங் மேல் இல்லை. பாவம், மறந்துவிட்டாள், நல்லவேளை நான் பார்த்தேன் என்று பெருமையாக ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன்.

இலை எடுக்கத் திரும்பினால், முடிச்சுப் போட்ட பண்டான் இலை ஒன்று என் காலடியில் கிடக்கிறது.

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு யோசித்துப் பாருங்கள். இரண்டு தேங்காய் மீதி இருந்தது. மீனும் இருந்தது. படையலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிணற்றடி பத்தே அடி. ஓடிப்போய் "ஐயோ, ரெண்டு தடவை விழுந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்திருப்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. இது வேறு பானையின் இலையாக இருக்கும், பழைய இலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குறட்டால் அதை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். பச்சை இலை சீறிப் புகைந்தது. புது இலை ஒன்றை முடிந்து மூடி மேல் வைத்தேன்.

பிற்பகலில் படையல் போட்டார்கள். மாக் மாமனாரின் இலை முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது போலக் கேட்டார்: "உங்கள் மகள் கோலாலம்பூர் போய் மிஸ்ஸி வேலை படிக்கவேண்டும் என்கிறாள். அனுப்பட்டுமா?" கதவைச் சாத்தினோம். வெளியே நாலு பேரும் நின்றோம். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது, என் கை வேர்த்திருந்தது.

மாக் உள்ளே போய்த் திரும்பிவந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்ததை விழுங்கியிருக்கிறார், துப்பவில்லை. "வந்து சாப்பிடுங்கள்" என்றார். என் கணவர்தான் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தார். "யம்மாடி, கடல் தண்ணி!"

"நான் ஒரு கரண்டிதான் போட்டேன், மாக்" என்றாள் நாத்தனார்.

"வேறு யாராவது மறுபடி போட்டீர்களா?"

மாக் பொதுவாகத்தான் கேட்டார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புது மருமகள் தலை குனிந்தால் அதற்குக் கணக்கே கிடையாது, மரியாதை என்று விட்டுவிடுவார்கள்.

மாக் மகளிடம் மெதுவாகச் சொன்னார். "நீ ஒரு கரண்டிதான் போட்டாய் மகளே, நம்புகிறேன். மற்றதை உன் அப்பா போட்டிருக்கிறார்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. நாத்தனார் அந்தப் பிண்டாங்கை எடுத்துச் சோற்றில் பிசைந்து முழுவதும் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். மாக் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் என்னைக் காட்டி, "தமிழ்க்காரி என்று பயந்தேன். வாய் திறக்கமாட்டாள். இவளுக்குத் தஹான் தெரியும்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். அம்மா கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

ஏன் சொல்லவில்லை? பயம் இருந்தது. முதல் படையலையே கெடுத்தவள் என்ற பெயர் வாழ்நாள் முழுக்க நிற்குமே என்ற பயம். ஆனால் பயம் ஒரு வாரத்தில் தணிந்துவிட்டது. மாக் அப்படியொன்றும் பொல்லாதவர் இல்லை. ஒரு நாள் திட்டியிருப்பார், மறுநாள் மறந்திருப்பார். பயம் போன பிறகும் நான் சொல்லவில்லை. உண்மையை எழுத இவ்வளவு வருஷம் ஆயிற்று, எழுதிவிடுகிறேன். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நானும், அழாத ஒரு மாமியாரும், முப்பது தஹானும் மட்டும்தான். யாரிடம் சிரிப்பேன், யாரோடு கிணற்றடியில் உட்காருவேன்? காலடியில் இலையைப் பார்த்த அந்த நிமிஷத்திலேயே இந்த எண்ணம் எனக்குள் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதனால்தான் குறடு அவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்தது.

அந்த மூன்று வாரம் காலையில் நான்தான் அவளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு முன்னால் அவளவள் காபியை அவளவள் ஊற்றிக்கொள்வதுதான். குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கவேண்டும் அல்லவா? அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு உடனே குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். என் மேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொள்வேன். "ஆறிவிடும், குடி" என்பேன். குடிப்பாள்.

போகவேண்டிய நாள் வந்தது. அன்று அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து சப்பாத்தை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். வெள்ளைச் சப்பாத்து திரும்பிவரும்போதே சேறாகியிருந்தது. அதற்குப் பிறகு அதைத்தான் தினமும் போட்டு நடந்தாள், பழுப்பாகிக் கிழியும் வரைக்கும். அன்று சாயங்காலம் நாங்கள் வழக்கம் போலக் கிணற்றடியில் உட்கார்ந்தோம். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

என் மூன்று பிள்ளைகளுக்கும் முதல் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். ஊருக்குள் ஒரு டாக்டர் கடையில், கிளினிக் என்று சொல்லமாட்டோம், வேலைக்குப் போனாள். மருந்துப் புட்டி கழுவுவது, அதில் சீட்டு ஒட்டுவது. முறையாகப் படித்து வந்த சின்னப் பெண்கள் வெள்ளை உடுப்பில் அவளை வேலை ஏவினார்கள். கல்யாணம் கூடிவரவில்லை, அவளும் தேடவில்லை. தெருவில் யாருக்குக் காலில் ஆணி குத்தினாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கேலியாக மிஸ்ஸி என்று ஆரம்பித்து, கடைசியில் அதுவே அவள் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் நான் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

இந்த வருஷங்களில்தான் தஹானுக்கும் மூலம் தேடினேன். மலாய் அகராதியில் தாங்கு, தடு என்பதோடு இன்னொன்றும் போட்டிருந்தது. பறவைக்குக் கண்ணி வைப்பதும், ஓடையில் மீன்கூடு வைப்பதும் தஹான்தான். அந்தப் பொருள்தான் எல்லாவற்றிலும் மூத்தது என்று மொழி தெரிந்த ஒருவர் சொன்னார், எனக்குச் சரிபார்க்க வழியில்லை. கிளேபாங் ஓடையில் கூடு வைத்துவிட்டுக் கரையில் குந்தியிருக்கும் ஆளைப் பார்த்திருக்கிறேன். அசையமாட்டான், கூப்பிட்டால் பேசமாட்டான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றை எதிர்பார்த்துப் பொறுத்திருப்பது வேறு, நான் செய்தது வேறு என்று அப்போதே எனக்கு உறைத்தது. நான் எதையும் எதிர்பார்த்து வாயை மூடவில்லை. கையில் இருப்பது போய்விடக் கூடாதே என்று மூடினேன்.

மாக் கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, புண் வராமல் பவுடர் போட்டு, எல்லாம் நாத்தனார்தான். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே மாக் ஒரு நாள் சொன்னார்: "நீ பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருக்கவேண்டியவள். உன் அப்பாவுக்குத் தெரியவில்லை." அன்று மாக்கின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் சோற்றுக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த மனுஷி தன் புருஷன் மேல் இருந்த வருத்தத்தையாவது இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார். கஞ்சி ஆறுகிறது என்றேன்.

மாக் போன பிறகு வந்த முதல் பார்ச்சு. அவருக்கும் சேர்த்து ஓர் இலை. எங்கள் இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அதே அடுக்களை, விறகு போய் எண்ணெய் அடுப்பு வந்திருந்தது. அவள் பிண்டாங்குக்கு உப்புப் போட்டு, இலையை முடிந்து மூடி மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். சமைக்கும்போது பேசக் கூடாது என்ற வழக்கத்தை அவள் மீறி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள்.

"காக், பச்சைப் பண்டான் இலை அடுப்பில் எரிந்தால் என்ன மாதிரி மணக்கும் தெரியுமா? கிணற்றடி வரைக்கும் வரும்."

என் கையிலிருந்த அகப்பை நின்றது.

"இவள் ஏன் இலையை எரிக்கிறாள் என்று நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் புரிந்தது."

"அன்றைக்கே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரிந்தும் ஏன் மாக்கிடம் சொல்லவில்லை?"

"நான் சொன்னால் நம்புவார்களா? போகவேண்டும் என்பதற்காக வீட்டுக்கு வந்த பெண் மேல் பழி போடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அது உன் வாயால் வரவேண்டியது." அவள் மூடியைச் சரிசெய்தாள். "மூன்று வாரம் இருந்ததே. காலையில் நீ காபி கொண்டுவருவாய். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் முந்தானை நுனியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள், நோயாளிக்குத் துடைக்கிற மாதிரி, நெற்றியிலிருந்து கீழாக.

"போகட்டும் காக். நீ புது மருமகள். பயந்துவிட்டாய். எனக்குத் தெரியாதா?"

பயம் இல்லை, நீ என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. இது நாக்கு நுனி வரை வந்தது. அவள் அவ்வளவு பரிவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "பயந்துவிட்டேன்."

அவள் தலையசைத்துவிட்டு மாக்குக்கு இலை கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அவள் இறந்து இந்தப் பொங்கலோடு பதினோரு வருஷம். பார்ச்சில் அவளுக்கும் ஓர் இலை போடுகிறேன், பிண்டாங் வைக்கிறேன், உப்பு அளவாகத்தான் போடுகிறேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும்போது, உள்ளே போய் அவள் இலை முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன். "பாட்டி எவ்வளவு அடக்கமாக நிற்கிறார் பார்" என்று பின்னால் யாராவது பிள்ளைகளிடம் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.